"பெர்மிட் இருந்துச்சா?" – தெருவில் கூடும் உரிமையும் நகரத்தின் அச்சமும்

மன்ற நிகழ்ச்சியை நடத்துபவருக்கு ஒரு வசதி உண்டு. கேள்வி கேட்டால் போதும். பதில் சொல்லும் பொறுப்பு மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருப்பவர்களுடையது. ஆனால் "தெருவில் கூடுவது உரிமையா, தொல்லையா?" என்ற தலைப்பில் நடந்த மன்றத்தில் அந்த வசதி எனக்குக் கிடைக்கவில்லை. நிறைவுரையை நீங்களே சொல்லுங்கள் என்று குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். அன்று நேரக் குறைவால் விட்டுப்போனவற்றையும் சேர்த்து வாசகர்களுக்காக இங்கே தருகிறேன்.

2007 ஆம் ஆண்டு நவம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு அப்போது பதினேழு வயது. எஸ்.பி.எம். தேர்வு நடந்துகொண்டிருந்தது. கிள்ளானில் எங்கள் வீடு. லாரி ஓட்டும் என் தாய்மாமா முதல் நாள் இரவே ஒரு துண்டு, ஒரு பொட்டலம் உப்பு, ஒரு போத்தல் தண்ணீர் எடுத்துக்கொண்டு கோலாலம்பூருக்குப் புறப்பட்டுவிட்டார். நான் எங்கே பின்னாலேயே போய்விடுவேனோ என்று அம்மா வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். தாத்தா யாருடனும் பேசவில்லை.

மாலையில் மாமா திரும்பினார். கண்கள் சிவந்திருந்தன. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை. அம்மா சுடுதண்ணீர் வைக்க ஓடினார். தாத்தா கேட்ட முதல் கேள்வி இதுதான்: "பெர்மிட் இருந்துச்சாடா?"

அடிபட்டதா, சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லையே என்று அன்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கேள்விக்குள் எத்தனை ஆண்டுப் பயம் இருந்தது என்பது பின்னர்தான் எனக்குப் புரிந்தது.

தாத்தாவின் பயத்துக்குப் பெயர் 1969. அவ்வாண்டு மே 10 ஆம் தேதி பொதுத்தேர்தல். அடுத்த இரண்டு நாட்களும் எதிர்க்கட்சி ஆதரவாளர்கள் கோலாலம்பூர்த் தெருக்களில் வெற்றி ஊர்வலம் நடத்தினார்கள். அதற்குப் பதில் பேரணி நடத்த, மே 13 ஆம் தேதி சிலாங்கூர் மந்திரி புசாரின் இல்லத்தில் பெருங்கூட்டம் திரண்டது. அன்று மாலை மூண்ட கலவரத்தில் மாண்டவர்கள் 196 பேர் என்பது அதிகாரப்பூர்வக் கணக்கு. நாட்டில் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. 1971 பிப்ரவரியில்தான் நாடாளுமன்றம் மறுபடியும் கூடியது. யார் தொடங்கினார்கள், எதனால் தொடங்கியது என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் அதைக் கண்ணால் கண்ட தலைமுறையிடம், தெருவில் கூடுவது மக்களின் உரிமை என்று சொன்னால், "எங்களுக்குத் தெரியாததா?" என்றுதான் பதில் வரும். அந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிட்டு இந்தத் தலைப்பைப் பேச முடியாது. மன்றத்தில் இளைஞர் ஒருவர் அப்படி ஒதுக்கிப் பேசியபோது நான் குறுக்கிட்டேன். நடுவர் குறுக்கிடலாமா என்று கேட்டுச் சிலர் எழுதியிருந்தார்கள். கூடாதுதான்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் கதையின் முடிச்சு ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது.

நம் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 10 ஆவது பிரிவு, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை எல்லாக் குடிமக்களுக்கும் தருகிறது. அதே பிரிவு, நாட்டின் பாதுகாப்புக்காகவும் பொது ஒழுங்குக்காகவும் அந்த உரிமைக்குக் கட்டுப்பாடு விதிக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. இதை வரைந்து கொடுத்தது ரீட் ஆணையம். ஐவர் கொண்ட அந்த ஆணையத்தில் இந்தியாவிலிருந்து நீதிபதி மாலிக்கும் பாகிஸ்தானிலிருந்து நீதிபதி அப்துல் ஹமீதும் இருந்தார்கள். ஆணையத்தின் 1957 வரைவில் கட்டுப்பாடுகள் "நியாயமானவையாக" இருக்க வேண்டும் என்ற சொல் இருந்தது. இந்திய அரசமைப்பிலும் அந்தச் சொல் உண்டு. அது இருந்தால் ஒவ்வொரு சட்டத்தையும் நீதிமன்றம் எடைபோட ஆரம்பித்துவிடும், அதை எடுத்துவிடுங்கள் என்று நீதிபதி அப்துல் ஹமீது தனியாக மாற்றுக் கருத்து எழுதினார். மற்ற நால்வரும் ஒப்பவில்லை. ஆனால் 1957 ஆகஸ்டு 31 ஆம் தேதி நாட்டுக்குக் கிடைத்த இறுதிச் சட்டத்தில் அந்தச் சொல் இல்லை. ஐந்து பேரில் ஒருவரின் கருத்துத்தான் வென்றது.

ஒரு சொல் போனதால் என்ன ஆகிவிடும் என்று நினைக்கலாம். 1967 ஆம் ஆண்டு போலீஸ் சட்டத்தைப் பாருங்கள். அதன் 27 ஆவது பிரிவின்படி, பொது இடத்தில் கூட்டமோ ஊர்வலமோ நடத்த மாவட்டப் போலீஸ் தலைவரிடம் உரிமம் வாங்க வேண்டும். தாத்தா கேட்ட "பெர்மிட்" இதுதான். 1987 இல் இப்பிரிவு மேலும் இறுக்கப்பட்டது. உரிமமில்லாமல் கூடியதற்குக் குறைந்தது 2,000 வெள்ளி, அதிகபட்சம் 10,000 வெள்ளி அபராதம். கூடவே ஓராண்டு வரை சிறை. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு 2,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டால் பதவி பறிபோகும் என்பது அரசமைப்பில் உள்ள விதி. இரண்டு எண்களும் ஒன்றாக இருப்பதை என் பள்ளிக்கூடக் கணக்கு ஆசிரியர் பார்த்திருந்தால் தற்செயல் என்று சொல்லியிருக்க மாட்டார்.

அந்த உரிமம் நகரத்தைக் காத்ததா? அதைத்தான் வரலாற்றிடம் கேட்க வேண்டும். எங்கள் கிள்ளான் வட்டாரத்திலேயே ஒரு பதில் கிடக்கிறது.

2000 ஆம் ஆண்டு நவம்பர் 5 ஆம் தேதி, ஜாலான் கெபுனில் ஒரு தனியார் நிலத்தில் எதிர்க்கட்சியினர் பெருங்கூட்டம் ஒன்றைக் கூட்ட ஏற்பாடு செய்தார்கள். உரிமம் கிடைக்கவில்லை. நிலத்துக்குப் போகும் வழிகள் அடைக்கப்பட்டன. வந்த மக்கள் என்ன செய்தார்கள்? வீட்டுக்குத் திரும்பவில்லை, கெசாஸ் நெடுஞ்சாலையிலேயே நின்றுவிட்டார்கள். வயல்வெளியில் ஓரமாக முடிந்திருக்க வேண்டிய கூட்டம், லாரியும் காரும் பறக்கும் நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டது. பிறகு கண்ணீர்ப்புகை, நீர்ப்பீய்ச்சல், கைது. மனித உரிமை ஆணையமான சுஹாகாம் பொது விசாரணை நடத்தி, போலீஸ் தேவைக்கு மீறிய பலத்தைப் பயன்படுத்தியது என்று 2001 இல் அறிக்கை தந்தது. பலப்பிரயோகம் பற்றித்தான் அப்போது எல்லாரும் பேசினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: உரிமம் மறுத்ததால் கூட்டம் கலையவில்லை, இடம்தான் மாறியது, அதுவும் இருந்ததைவிட ஆபத்தான இடத்துக்கு.

2007 நவம்பரிலும் இதேதான் நடந்தது. தோட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் ஏக்கம், ஆலய உடைப்புகள் பற்றிய கொதிப்பு எல்லாம் பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்தன. தீபாவளிக்குச் சில நாட்களே இருந்த அக்டோபர் 30 ஆம் தேதி, ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் ஆலயம் உடைக்கப்பட்டது. பிரிட்டிஷ் அரசி பெயருக்கு எழுதிய மனுவை ஜாலான் அம்பாங்கில் அப்போது இருந்த பிரிட்டிஷ் தூதரகத்தில் கொடுக்கப் போகிறோம் என்று ஹிண்ட்ராஃப் அறிவித்தது. போலீஸ் உரிமம் தரவில்லை. நீதிமன்றத் தடையாணையும் வாங்கியது. நகரத்துக்குள் வரும் சாலைகளில் சோதனைத் தடுப்புகள். முதல் நாள் இரவே பலர் பத்துமலையில் கூடிவிட, விடிவதற்குள் அங்கே கண்ணீர்ப்புகை. காலையில் அம்பாங் சாலையில் மறுபடியும். காந்தி படத்தைத் தூக்கிப் பிடித்தவர்களும் அங்கே இருந்தார்கள். பத்துமலையில் போலீஸ்காரர் ஒருவர் காயமடைந்ததும் நடந்தது. இரண்டையும் சொல்ல வேண்டும். கைதானவர்களில் 31 பேர் மீது முதலில் கொலை முயற்சிக் குற்றமே சாட்டப்பட்டது. டிசம்பரில் அதை அரசு மீட்டுக்கொண்டது. டிசம்பர் 13 ஆம் தேதி ஐந்து தலைவர்கள் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமான இசாவின் கீழ் கைதாகிக் கமுந்திங் முகாமுக்குப் போனார்கள். அவர்களில் ஒருவரான மனோகரன், 2008 மார்ச் தேர்தலில் முகாமில் இருந்தபடியே எங்கள் கிள்ளானின் கோத்தா ஆலாம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றார்.

மாமாவிடம் பின்னாளில் ஒருமுறை கேட்டேன்: "அந்த மனுவை வாங்க ஒருத்தர் வெளியே வந்து நின்றிருந்தால் நீங்க என்ன செய்திருப்பீங்க?" அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "கொடுத்துட்டு வந்து பசியாறியிருப்போம்மா" என்றார்.

இதற்குப் பதிலும் உண்டு. மஸ்ஜிட் இந்தியா சாலையில் சேலைக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா மன்றத்துக்குப் பார்வையாளராக வந்திருந்தார். ஒலிவாங்கியைக் கையில் வாங்கியவர், "உங்க உரிமை எல்லாம் சரிதான். சனிக்கிழமை யாவாரம் போனா என் வாடகையை யாரு கட்டுவா?" என்று கேட்டார். கைதட்டல் அவருக்குத்தான் அதிகம். 2011 ஜூலை 9 ஆம் தேதி, நேர்மையான தேர்தல் கேட்டு பெர்சே இயக்கத்தின் இரண்டாவது பேரணி நடந்த நாளில், தம் கடை முழு நாளும் அடைத்துக் கிடந்தது என்றார். உண்மை. ஆனால் முந்தைய இரவே சாலைகளை மூடியது போலீஸ். இரயில் நிலையங்கள் மூடப்பட்டதும் பேரணியைத் தடுக்கவே. அன்று 1,600 பேருக்கு மேல் கைதானார்கள். அப்படியென்றால் கடையை அடைக்க வைத்தது பேரணியா, தடையா? இதைச் சொன்னதும் அந்த அம்மா விடவில்லை: "எது அடைச்சாலும் எனக்கு ஒண்ணுதான்." அதற்கு என்னிடம் பதில் இல்லை. நகரத்தில் கூடும் உரிமைக்கு ஒரு விலை இருக்கிறது. அதைக் கட்டுவது பெரும்பாலும் கூடாதவர்கள். நோயாளியை ஏற்றி வரும் ஆம்புலன்ஸும் இந்தக் கணக்கில் சேரும்.

2011 இன் கசப்புக்குப் பிறகு அரசு இறங்கி வந்தது. 27 ஆவது பிரிவு போனது, இசா போனது, அமைதிப் பேரணிச் சட்டம் 2012 ஏப்ரல் 23 ஆம் தேதி நடப்புக்கு வந்தது. இனி உரிமம் வேண்டாம், 10 நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுத்தால் போதும் என்றார்கள். காகிதத்தில் பெரிய மாற்றம். ஆனால் நகர்ந்து செல்லும் ஊர்வலத்துக்கு அதிலும் தடை. அறிவிக்காமல் கூட்டினால் ஏற்பாட்டாளருக்கு 10,000 வெள்ளி வரை அபராதம். போதாக்குறைக்கு இடத்தின் உரிமையாளர் சம்மதமும் வேண்டும். முன்வாசலில் பெர்மிட்டை எடுத்துவிட்டுப் பின்வாசலில் இன்னொன்றைத் தொங்கவிட்டதுபோல! சட்டம் வந்து ஐந்தே நாளில், ஏப்ரல் 28 ஆம் தேதி, பெர்சே மூன்றாவது பேரணி மெர்டேக்கா சதுக்கத்தின் தடுப்பருகே முட்டி, மீண்டும் கண்ணீர்ப்புகையில் முடிந்தது.

மாற்றம் தென்பட்டது 2015 இல்தான். அதே பெர்சே, ஆகஸ்டு 29, 30 ஆகிய இரு நாட்கள், 34 மணி நேரம். அரசு அதைச் சட்டவிரோதம் என்றுதான் சொன்னது. மஞ்சள் சட்டைக்குக்கூடத் தடை போட்டது. ஆனாலும் போலீஸ் சதுக்கத்தைச் சுற்றித் தடுப்பைப் போட்டுவிட்டு அதற்குப் பின்னால் நின்றது. கூட்டம் தடுப்புக்கு முன்னால் சாலையில் அமர்ந்தது. தொண்டர்களே கூட்டத்தை ஒழுங்குபடுத்தினார்கள், குப்பையையும் அள்ளினார்கள். கண்ணீர்ப்புகை இல்லை. அந்த இரண்டு நாளும் சேலைக் கடை அம்மாவுக்கு என்ன ஆனது என்று கேட்டேன். "தண்ணி போத்தல் வித்தவங்களுக்கு நல்ல யாவாரம், சேலைக்கில்லை" என்றார்.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 16 ஆம் தேதி அதற்கு எதிராகச் சிவப்புச் சட்டைப் பேரணி. கூட்டத்தில் ஒரு பகுதி, சீனர் கடைகள் நிறைந்த பெட்டாலிங் ஸ்ட்ரீட்டுக்குள் நுழையப் பார்த்தது. தாத்தா அன்று தொலைக்காட்சியை நிறுத்தச் சொல்லிவிட்டார். போலீஸ் அந்தத் தெருவின் வாயிலில் சுவர்போல நின்றது, நீரைப் பீய்ச்சித் தள்ளியது, உள்ளே விடவில்லை. பேரணி நடந்தது, கலவரம் நடக்கவில்லை. பாதுகாப்பு என்று நான் ஏற்றுக்கொள்வது இதைத்தான். மொத்த நகரத்தையும் பூட்டுவதற்கும், பற்றிக்கொள்ளக்கூடிய ஒரு தெருவின் முனையில் காவல் நிற்பதற்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது. முன்னதற்கு ஒரு கையெழுத்துப் போதும். பின்னதற்கு எந்தத் தெரு, எத்தனை மணி, யார் தலைவர், யாரிடம் தொலைபேசியில் பேசுவது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அறிவிப்பின் பயன் அதுதான். உரிமத்தை மறுத்துவிட்டால் அந்தப் பேச்சு தொடங்கும் முன்பே முடிந்துவிடுகிறது.

2018 டிசம்பர் 8 ஆம் தேதி இன்னொரு சோதனை. சுபாங் ஜெயா சீஃபீல்ட் ஆலயக் கலவரம் நடந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. நம் வீடுகளில் எல்லாம் பதற்றம். அந்தச் சூழலில், இனப் பாகுபாட்டு ஒழிப்பு ஒப்பந்தமான ஐசெர்ட்டை எதிர்த்து மெர்டேக்கா சதுக்கத்தில் பேரணி. போலீஸ் கணக்கில் 55,000 பேர். அன்றைய அரசு அதை அனுமதித்தது. எந்தக் கோரிக்கைக்காகக் கூடினார்கள் என்பதில் எனக்கு உடன்பாடில்லை; ஆனால் கூடினார்கள், பேசினார்கள், அமைதியாகக் கலைந்தார்கள். நமக்குப் பிடிக்காதவர்கள் கூடும்போதும் "கூடட்டும்" என்று சொல்ல முடியாவிட்டால், 2007 ஐப் பற்றி நாம் பேசுவதில் பொருளில்லை.

இனி அந்த ஒற்றைச் சொல்லுக்கு வருகிறேன். நீதிபதி கோபால் ஸ்ரீராம் 2009 இல் சிவராசா வழக்கில், 10 ஆவது பிரிவில் உள்ள கட்டுப்பாடு என்பதை "நியாயமான" கட்டுப்பாடு என்றே படிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். 1957 இல் போன சொல் அரை நூற்றாண்டு கழித்து நீதிமன்றம் வழியாகத் திரும்பியது. 2015 இல் கூட்டரசு நீதிமன்றம், இல்லாத சொல்லைச் சேர்த்துப் படிக்க முடியாது, ஆனால் கட்டுப்பாடு அதன் நோக்கத்துக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும் என்றது. அறிவிப்புக் கொடுக்காததற்குத் தண்டனை செல்லுமா என்பதில் மேல்முறையீட்டு நீதிமன்றமே 2014 இல் நிக் நஸ்மி வழக்கில் செல்லாது என்றும், 2015 இல் யுனேஸ்வரன் வழக்கில் செல்லும் என்றும் சொன்னது. வழக்கறிஞர்களே தலையைச் சொறிந்த காலம் அது. 2019 திருத்தம் அறிவிப்பை 5 நாளாகக் குறைத்து, ஊர்வலத் தடையையும் நீக்கியது. கடைசியில் 2025 ஜூலை 1 ஆம் தேதி, அமிர் ஹரிரி வழக்கில் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தத் தண்டனைப் பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார்கள். தலைமை நீதிபதி தெங்கு மைமுன் பணி ஓய்வு பெறும் தறுவாயில் வந்த தீர்ப்பு. அறிவிக்கும் கடமை நின்றது. அறிவிக்காததைக் குற்றமாக்கும் தண்டனை போனது. உரிமையாளர் சம்மதம் கேட்கும் 11 ஆவது பிரிவைத் திருத்தப்போவதாகப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் அதே ஆண்டு பிப்ரவரியில் மக்களவையில் சொல்லியிருந்தார்.

அன்வாருக்கும் அந்தத் திடலுக்கும் பழைய உறவு. பிரிட்டிஷ் கொடி 1957 இல் இறக்கப்பட்ட திடல் அது. 1974 டிசம்பரில் பாலிங் விவசாயிகளின் வறுமைக்காக மாணவர்கள் அங்கே திரண்டு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கைதானபோது, அவர் இசாவில் உள்ளே போனார். 1998 செப்டம்பர் 20 ஆம் தேதி அங்கே மக்களைத் திரட்டினார், அன்றிரவே கைதானார். 2025 ஜூலை 26 ஆம் தேதி அதே இடத்தில் அவர் பதவி விலக வேண்டும் என்று கோரிப் பேரணி நடந்தது. போலீஸ் கணக்கில் ஏறத்தாழ 18,000 பேர். அமைதியாக முடிந்தது.

அன்று மாமா எங்கள் வீட்டில் இருந்தார். லாரியை விட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன, முழங்கால் வலி. தாத்தா இல்லை. தொலைக்காட்சியில் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே மாமா கேட்டார்:

"ஏம்மா, இவங்களுக்குப் பெர்மிட் இருக்கா?"

"பெர்மிட் எல்லாம் இப்ப இல்ல மாமா. முன்கூட்டியே சொன்னா போதும்."

"சொல்லலன்னா?"

"அதுக்கும் இப்ப தண்டனை இல்லன்னு கோர்ட் சொல்லிடுச்சு."

மாமா ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தூதரகம் இருந்த அம்பாங் சாலைப் பக்கம் இப்போது எப்படி இருக்கிறது, அந்த முனையில் இருந்த சாப்பாட்டுக் கடை இன்னும் இருக்கிறதா என்று விசாரித்தார். தெரியவில்லை என்றேன். ஒருநாள் கூட்டிப் போகச் சொல்லியிருக்கிறார்.